தமிழ்ப் பெரியவர்களுக்கு ஞாபகசக்திச் சோதனையை ஏற்றபடி அமைப்பது எப்படி: கோலாலம்பூர், பினாங்கு கிளினிக்குகளுக்கு ஒரு கையேடு

"இந்தத் தாளை வலது கையில் எடுத்து, இரண்டாக மடித்து, மடியில் வையுங்கள்." எம்எம்எஸ்இ என்ற ஞாபகசக்திச் சோதனையில் வரும் மூன்று கட்டளைகளை ஆங்கிலத்திலிருந்து நேரே தமிழாக்கினால் இப்படித்தான் வரும். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ‘மடித்து’, ‘மடியில்’ இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. காது கொஞ்சம் மந்தமான ஒரு பாட்டி, மறுபடியும் மடிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தாளை நான்காக மடித்துக் கையிலேயே வைத்திருப்பார். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவருக்கு ‘வலது கை’யைவிட ‘சோத்துக் கை’ பழகிய சொல். மூன்று மதிப்பெண்ணில் இரண்டு போய்விடும். போனதற்கும் அவருடைய ஞாபகத்துக்கும் தொடர்பே இல்லை.

முதியோரைச் சோதிக்கும் மருத்துவர், தாதியர், உளவியல் மாணவர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. எல்லா முடிவுக்கும் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: மூலத்தில் ஒரு கேள்வி எவ்வளவு கடினமோ தமிழிலும் அவ்வளவு கடினமாக இருக்க வேண்டும், அந்தக் கடினமும் அதே காரணத்தால் வரவேண்டும். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் இந்த அளவுகோலில் தோற்கும் கேள்விகள் நிறைய உண்டு.

சோதனைகளின் உண்மையான சொற்பட்டியலை இங்கே அச்சிடவில்லை. அது வெளியே போனால் பிள்ளைகள் அப்பாவுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அழைத்து வருவார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் மறதி நோயை (டிமென்ஷியா) கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். கீழே வரும் சொற்பட்டியல் உதாரணங்கள் விளக்கத்துக்கு மட்டும்.

எந்தச் சோதனையை எடுப்பது

புதிதாக மொழிபெயர்க்க உட்காருமுன், ஏற்கெனவே தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். 1975-இல் வந்த எம்எம்எஸ்இ-க்குப் பதிப்புரிமை உண்டு. அனுமதி வாங்காமல் மொழிபெயர்ப்பதோ, நகலெடுத்துப் பயன்படுத்துவதோ கூடாது. மொண்ட்ரியலில் உருவாகி 2005-இல் வெளியான மோக்கா என்ற சோதனைக்குத் தமிழ் வடிவங்கள் இருக்கின்றன. அதற்கும் அனுமதி வேண்டும், சோதனை செய்பவரிடம் பயிற்சிச் சான்றிதழும் கேட்கிறார்கள். இருக்கும் தமிழ் வடிவங்களில் பல தமிழ்நாட்டையோ இலங்கையையோ மனத்தில் வைத்துச் செய்தவை. நம் ஊர்ப் பெரியவர் காரைக் ‘காடி’ என்பார், ரூபாய்க்குப் பதில் ‘வெள்ளி’ என்பார். ஆகவே தமிழ் வடிவம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாதி வேலை மிச்சம் இருக்கிறது.

சிட்னியில் பல மொழி பேசும் குடியேறிகளுக்காகவே அமைக்கப்பட்டு 2004-இல் வெளியான ரூடாஸ் சோதனை இலவசம். மொத்தம் 30 மதிப்பெண், 22-உம் அதற்குக் கீழும் வந்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். எழுத்தறிவில்லாத ஆப்பிரிக்க முதியோரை எண்ணி அமைத்த ஐடியா என்ற குறுஞ்சோதனை இன்னொன்று. மலேசியாவில் 2018-ஆம் ஆண்டின் தேசிய முதியோர் சுகாதார ஆய்வில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரில் உருவான வீகேட் படங்களை வைத்தே நடக்கும் சோதனை.

எங்கள் பரிந்துரை நேரானது. ஆறாம் வகுப்பைத் தாண்டாதவருக்கு ரூடாஸில் தொடங்குங்கள். அவருக்காக எம்எம்எஸ்இ-யையும் மோக்காவையும் வெட்டி ஒட்டிச் சரிப்படுத்த முயல வேண்டாம். மோக்காவில் 12 ஆண்டும் அதற்குக் குறைவாகவும் படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவார்கள். பள்ளி வாசலையே மிதிக்காத பாட்டிக்கும், ஐந்தாம் படிவம் முடித்த ஓய்வுபெற்ற கிராணிக்கும் (எழுத்தர்) அதே ஒரு மதிப்பெண்தான். இயல்பு என்று கொள்ளும் 26-ஐ அந்தப் பாட்டி தொடவே மாட்டார். குறைந்த கல்வி உள்ளவர்களுக்கென்று மோக்கா அடிப்படை வடிவம் தனியாக இருப்பது இதனால்தான்.

தமிழில் சோதிப்பதா, வேறு மொழியிலா

பதிவேட்டில் ‘இந்தியர்’ என்று இருப்பதைப் பார்த்துத் தமிழ்த் தாளை எடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசி வளர்ந்து, வெளியில் மட்டும் தமிழ் பேசுபவர்கள் நம்மிடையே நிறைய. ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் எண்களை ஆங்கிலத்திலும், சந்தையில் கடை போட்டவர் மலாயிலும் எண்ணுவார். மூன்று கேள்வி போதும்: மனத்துக்குள் எண்ணும்போது எந்த மொழி? கோபம் வந்தால் எந்த மொழி? சாமி கும்பிடும்போது, துவா செய்யும்போது, ஜெபிக்கும்போது எந்த மொழி? மூன்றுக்கும் தமிழ் என்றால் தமிழில் தொடங்குங்கள். எண்கள் மட்டும் மலாய் என்றால் எண் வரும் பகுதியை மட்டும் மலாயில் நடத்தலாம். ஆனால் தொடங்கும் முன்பே முடிவெடுத்துத் தாளில் குறித்துவிடுங்கள். நடுவில் மொழி மாற்றினால் அந்தப் பகுதியின் மதிப்பெண் பயனற்றது.

படிப்பைக் கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க" என்பது போதாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. அப்படி எழுந்த பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்தினார். ‘நாலாவது’ வரை போன ஒருவருக்குத் தமிழ்ப் பத்திரிகை சரளமாக வாசிக்க வரும், இன்னொருவருக்குத் தம் பெயரை மட்டும் எழுத வரும். ஆகவே பேப்பர் வாசிப்பாரா, கடிதம் எழுதியிருக்கிறாரா, அடையாள அட்டைக்குக் கையெழுத்துப் போட்டாரா கைநாட்டு வைத்தாரா என்று தனித்தனியாகக் கேட்டுப் பதியுங்கள். பின்னால் மதிப்பெண்ணைப் படிக்கும்போது வகுப்பு எண்ணைவிட இந்த மூன்று பதில்கள் உதவும்.

வாயால் சொல்லும் கட்டளை எல்லாம் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும், அதுவும் தாளில் அச்சாகி இருக்க வேண்டும். ‘நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்று அச்சடித்துவிட்டு, தாதி வாய்க்கு வந்தபடி பேச்சுத் தமிழாக்கிக்கொள்ளட்டும் என்று விட்டால் பத்துத் தாதியர் பத்துவிதமாகச் சொல்வார்கள். ‘ஞாபகம் வச்சிக்குங்க, பெறகு மறுபடி கேப்பேன்’ என்றே எழுதுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லும் அட்டை மட்டும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஏனென்றால் வாசிக்கப் பழகியது அந்தத் தமிழ்தான். எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். மலாயில் மட்டும் வாசிக்கத் தெரிந்தவருக்கென்று இன்னோர் அட்டை தயாராக இருக்கட்டும்.

விளிப்பு: ஐயா, அம்மா. ‘ங்க’ இல்லாத ஏவல் ஒன்றுகூட வரக்கூடாது. முகம் சுளித்த பெரியவர் அடுத்த கேள்விக்குத் ‘தெரியாது’ என்று முடித்துக்கொள்வார், அது மறதியாகப் பதிவாகும்.

நாள், இடம்

தேதி, கிழமை, மாதம், ஆண்டு நான்கும் அப்படியே வரலாம். மாதம் கேட்டால் ‘ஆடி’ என்று பதில் வரும். சரியான தமிழ் மாதமாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுங்கள், ஆனால் மேசையில் தமிழ் நாள்காட்டி ஒன்று வேண்டும். ஆடி ஜூலை நடுவில் தொடங்குவது சோதனை செய்யும் இளைய தாதிக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முஸ்லிம் பெரியவர் ரமலான், ஷவ்வால் என்று சொன்னாலும் இதே விதி.

எம்எம்எஸ்இ-யில் வரும் ‘பருவம்’ நம் ஊருக்குப் பொருந்தாது. வருடம் முழுக்க வெயிலும் மாலை மழையும் உள்ள கோலாலம்பூரில் அதற்குச் சரியான விடை என்று ஒன்று இல்லை. ‘இப்ப காலையா, மத்தியானமா, சாயங்காலமா?’ என்று மாற்றுங்கள், சன்னல் திரையை இழுத்துவிட்டுக் கேளுங்கள். அடுத்து வரும் பெருநாளைக் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஒருவருக்குத் தீபாவளி, இன்னொருவருக்கு நோன்புப் பெருநாள், மற்றவருக்குக் கிறிஸ்துமஸ் என்பதால் மதிப்பெண் சிக்கலாகும். வேண்டாம்.

இடத்தைக் கேட்பதில் பொறி அதிகம். கோலாலம்பூரில் ‘எந்த மாநிலம்?’ என்று கேட்டால் பலர் சிலாங்கூர் என்பார்கள். 1974 பிப்ரவரி 1 வரை கோலாலம்பூர் சிலாங்கூரோடுதான் இருந்தது, பிறகுதான் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. செந்தூலில் பிறந்து எண்பதைத் தொடும் ஒருவர் சிலாங்கூர் என்று சொன்னால் அதை மறதி என்று எழுதக்கூடாது. கோலாலம்பூர் கிளினிக்கில் இந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, எந்த வட்டாரம் என்று கேளுங்கள்: பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், செராஸ், பங்சார். பினாங்கில் வேறு சிக்கல். பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ இருப்பவர் ‘பினாங்குக்குப் போறேன்’ என்றால் கடல் தாண்டித் தீவுக்குப் போகிறார் என்று பொருள். பட்டர்வொர்த்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ‘நாம பினாங்குலயா இருக்கோம்?’ என்று கேட்டால் ‘இல்ல’ என்பது அவருடைய பேச்சுப்படி சரியான பதில். ‘மாநிலம்’ என்ற சொல்லோடு ‘ஸ்டேட், நெகிரி’ இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கேட்டால் குழப்பம் குறையும்.

எத்தனையாவது மாடி என்ற கேள்வியையும் சரிபாருங்கள். நம் கட்டடங்களில் தரைத்தளத்துக்கு ‘ஜி’ என்று போட்டு அதற்கு மேல்தான் ஒன்று. நான்குக்குப் பதிலாக ‘3ஏ’ என்று எழுதிய மின்தூக்கிகளும் உண்டு. படியேறி வந்தவர் தாம் எண்ணியபடி சொல்வார், மின்தூக்கியில் வந்தவர் பொத்தானில் கண்டதைச் சொல்வார். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது கேள்வியை மாற்றுங்கள்.

நாட்டுத் தலைவர் பெயரைக் கேட்கும் பழைய பிரிட்டிஷ் சோதனையை எடுத்தால் மன்னர் கேள்வியை அப்படியே மாமன்னருக்கு மாற்றாதீர்கள். மாமன்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறுவார். பிரதமரைக் கேட்கலாம் என்றால் 2018 முதல் 2022 வரை ஐந்து பேர் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள். சுதந்திரம் கிடைத்த ஆண்டு, 1957, பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகியது. அதை வையுங்கள்.

நினைவில் வைக்கும் சொற்கள்

சில சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்கும் பகுதி இது. இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். முதலில் ஒலி நீளம்: பேச்சு வழக்கில் இரண்டு அல்லது மூன்று அசை. ‘மாதா கோயில்’ போன்ற இரட்டைச் சொல் வேண்டாம், அதில் பாதியை மட்டும் சொன்னவருக்கு என்ன மதிப்பெண் தருவது என்ற தகராறு வரும். அடுத்து இரட்டைப் பொருள். ‘வெள்ளி’ நம் ஊரில் கிழமை, உலோகம், பணம் மூன்றும். ‘பள்ளி’ என்றால் பினாங்குத் தமிழ் முஸ்லிம் பெரியவர் மனத்தில் பள்ளிவாசல் வரும், மற்றவருக்குப் படிக்கும் பள்ளி. ‘கோயில்’ ஒருவருக்கு அன்றாடச் சொல், இன்னொருவருக்கு இல்லை. கட்டட வகையில் ஒரு சொல் வேண்டும் என்றால் ‘பாலம்’, ‘சந்தை’ போல மதம் கலக்காததாகப் பாருங்கள்.

மோக்காவில் சொல் நினைவுக்கு வராதபோது வகையைக் குறிப்பாகத் தருவார்கள்: ‘அது ஒரு பூ’. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பூ என்றதும் தமிழர் எவரும் மல்லிகை என்பார். பட்டியலில் மல்லிகையை வைத்தால் ஒன்றும் நினைவில்லாதவரும் ஊகித்து மதிப்பெண் வாங்கிவிடுவார். செம்பருத்தியும் ஆகாது, அது தேசிய மலர். அதே சமயம் அரிதான பூவும் கூடாது. ‘சாமந்தி’ மாதிரி, எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் முதலில் வாயில் வராத சொல் வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி: நோயில்லாத 20 பெரியவர்களிடம் ‘ஒரு பூ பேர் சொல்லுங்க’ என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேருக்கு மேல் சொன்ன பெயரை நீக்குங்கள். நிறம், உடலுறுப்பு, துணி எல்லாவற்றுக்கும் இதையே செய்யுங்கள்.

பட்டியலில் உள்ள சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. பாலம், சாமந்தி, மாலை என்று வைத்தால் சாமந்தி மாலை என்று கதையாகி, இரண்டும் ஒரே நூலில் வந்துவிடும். சோதனை அறையில் கண்ணில் படும் பொருளும் கூடாது.

கவனம், எண்கள்

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது கவனத்தோடு கணக்குப் படிப்பையும் அளக்கிறது. பள்ளி போகாதவருக்கு மாற்று, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்வது: ஞாயிறு, சனி, வெள்ளி என்று. வட இந்தியக் கிராமத்து முதியோருக்காக 1995-இல் வெளியான இந்தி வடிவமும் இந்த வழியில்தான் போனது. மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் ‘டிசம்பர், நவம்பர்’ என்று தொடங்கி ஐப்பசியில் போய் நிற்பார்கள், வேண்டாம். பணமாகக் கழிக்கச் சொல்வதும் உண்டு: ‘இருவது வெள்ளி வச்சிருக்கீங்க, மூணு மூணா குடுத்துக்கிட்டே வாங்க.’ கடை வைத்தவருக்கு இது மிகச் சுலபம். எடுத்தால் எல்லாருக்கும் இதையே எடுங்கள், ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள்.

ஐந்தெழுத்துச் சொல்லைத் திருப்பிச் சொல்லும் ஆங்கிலக் கேள்வியைக் கைவிடுங்கள். ‘கடிதம்’ திரும்பினால் ம், த, டி, க. டி-யை ட் என்றும் இ என்றும் பிரிப்பதா? படித்தவர்களுக்கே குழப்பம். நம் எழுத்து முறைக்கு அந்தக் கேள்வி பொருந்தவில்லை.

எண் வரிசையைத் திரும்பச் சொல்வதில் மொழியின் நீளம் குறுக்கே வரும். ஆங்கிலத்தில் ஏழைத் தவிர ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாம் ஓரசை. தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எல்லாம் ஈரசை, ஒம்பது மூன்று. எண்ணின் பெயர் நீண்டால் நினைவில் நிற்கும் வரிசை குறுகும். வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் பேசுபவர்களிடம் இதை 1980-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே தமிழில் ஓர் எண் குறைவாகச் சொல்வதை உடனே நோயாகப் படிக்கக்கூடாது. ஒரு வினாடிக்கு ஓர் எண் என்ற வேகத்தைக் கடிகாரம் பார்த்துப் பழகுங்கள். ‘ஏழு, எட்டு’ அடுத்தடுத்து வராதபடி வரிசையை அமையுங்கள், காதில் ஒன்றாகிவிடும். ஓர் எழுத்து வரும்போது தட்டச் சொல்லும் பகுதியில் ‘அ’ கேட்டுத் தட்டு என்றால் ‘ஆ’-வுக்கும் தட்டுவார்கள். எழுத்துக்குப் பதில் எண்ணைப் பயன்படுத்துவது நல்லது.

மொழிப் பகுதி

பெயர் சொல்லும் படங்களுக்கு ஏற்கத்தக்க விடைகளை முன்பே எழுதிவையுங்கள். கைக்கடிகாரத்துக்கு ‘வாட்ச்’ சரி, ‘கடியாரம்’ சரி. காண்டாமிருகத்தைத் தமிழில் பெயர் சொல்லிப் பழகாத தோட்டத்துக்காரர் ‘பாடாக்’ என்பார். அது மலாய்ச் சொல், முழு மதிப்பெண். மொழி தெரியுமா என்று நாம் சோதிக்கவில்லை, பார்த்ததை அறிந்து பெயர் எடுக்க முடிகிறதா என்று சோதிக்கிறோம்.

திருப்பிச் சொல்லும் வாக்கியத்துக்குப் பழமொழி எடுக்காதீர்கள். ஆழமாகப் பதிந்த பழமொழியை நோய் முற்றியவரும் சரளமாகச் சொல்வார். ஆங்கில மூலத்தில் இணைப்புச் சொற்களை மட்டும் அடுக்கியிருப்பார்கள், நாக்கு தடுமாறுவது அதனால். தமிழில் ‘அப்படியும் இல்ல, இப்படியும் இல்ல, எப்படியும் இல்ல’ என்ற மாதிரி அமைப்பு அதே வேலையைச் செய்யும். ‘ழ’ வரும் சொல்லைத் தவிருங்கள். வந்துவிட்டால் ‘பளம்’ என்று சொன்னதற்கும், பல்செட் நழுவியதற்கும் மதிப்பெண் குறைக்காதீர்கள்.

மூன்று கட்டளைக்கு ‘மடி’யை ஒருமுறைதான் பயன்படுத்துங்கள்: ‘சோத்துக் கையால எடுத்து, ரெண்டா மடிச்சு, மேசை மேல வைங்க.’ ரூடாஸில் உடலுறுப்பைக் காட்டும் பகுதிக்கும் இதே விழிப்பு வேண்டும். முழங்கால், முழங்கை இரண்டும் கடைசி அசையில்தான் வேறுபடும். ‘முட்டிக்கால்’, ‘முழங்கை’ என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘கால்’ என்றால் தொடையிலிருந்து விரல் வரை எல்லாமே, பாதம் வேண்டுமென்றால் ‘பாதம்’ என்று கேளுங்கள். இடது கையால் எதிரில் இருப்பவரைச் சுட்டப் பெரியவர்கள் தயங்குவார்கள், மரியாதைக் குறைவு என்று. ‘தப்பா நெனைக்க மாட்டேம்மா, செய்ங்க’ என்ற ஒரு வரியைத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும்போது எழுவாயும் பயனிலையும் தேடாதீர்கள். ‘சாப்பிட்டேன்’ தமிழில் முழு வாக்கியம். வினையே இல்லாத ‘இது என் வீடு’ என்பதும் முழு வாக்கியம்.

ஒரு நிமிடத்தில் சொற்களைச் சொல்வது: எழுத்தறிவு உள்ளவருக்கு மட்டும் எழுத்தைக் கொடுங்கள். ட, ண, ள, ற, ழ, ன ஆகியவற்றில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. ‘க’, ‘ப’ இரண்டும் தாராளமாகச் சொல் தரும். ‘க’ என்றால் கா, கி, கு எல்லாம் சேருமா என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், சேர்ப்பதே நல்லது. படி, படிச்சேன், படிப்பு மூன்றும் ஒரே வேர், ஒன்றாக எண்ணுங்கள். மற்றவர்களுக்கு விலங்குப் பெயர். ‘மிருகம்’ என்று மட்டும் சொன்னால் நாலுகால் விலங்கோடு நின்றுவிடுவார்கள். ‘வீட்டுல வளக்குறது, காட்டுல இருக்குறது, பறக்குறது, ஊர்றது, தண்ணியில இருக்குறது, எது வேணும்னாலும்’ என்று சொல்லுங்கள். பசு, காளை, எருமை தனித்தனி. நாய், நாய்க்குட்டி ஒன்று. யானை என்று சொன்னவர் பிறகு மலாயில் ‘காஜா’ என்றால் அது திரும்பச் சொன்னது.

ஒற்றுமை கேட்கும் பகுதியில் ‘எவ்விதத்தில் ஒத்திருக்கின்றன’ என்றால் விழிப்பார்கள். ‘ரெண்டையும் சேத்து ஒரே வார்த்தையில என்னன்னு சொல்லலாம்?’ என்று கேளுங்கள். வாகனம் எதிர்பார்க்கும் இடத்தில் ‘ரெண்டும் வண்டி’ என்றால் முழு மதிப்பெண், ‘ரெண்டுக்கும் சக்கரம் இருக்கு’ என்றால் இல்லை.

வரைதல்

பேனாவே பிடிக்காத கையிடம் கனசதுரம் கேட்பது வீண். பல பாட்டிமார் மார்கழியில் இருபது புள்ளிக் கோலம் போடுபவர்கள், கோலத்தை வைத்தே சோதிக்கலாமே என்ற யோசனை வரும். கோலம் அறுபது வருடம் கையில் பழகியது. புதிய உருவத்தைப் பார்த்துப் படியெடுக்கும் திறனை அது காட்டாது. தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டி அதேபோல அடுக்கச் சொல்வது பொருத்தம். நைஜீரியாவில் இந்த முறையைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். மருந்துத் தலையைக் கிள்ளிய நான்கு குச்சிகள் போதும், வெள்ளை மேசையானால் அடியில் கறுப்புத் துணி விரியுங்கள்.

மொழிபெயர்ப்பு வேலையை நடத்தும் முறை

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் மருத்துவத் துறை, மற்றவர் மருத்துவம் அறியாத, பெரியவர்களோடு பேசிப் பழகியவர். மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கி, ஏன் இந்தச் சொல் என்று ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதிவைக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திருப்பி ஆங்கிலமாக்குவார். திருப்பி வந்தது மூலத்தோடு ஒத்துப்போனால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ‘ஜாஸ்மின்’ மல்லிகையாகி மறுபடி ஜாஸ்மினாக அழகாகத் திரும்பும், ஊகித்துச் சொல்லக்கூடிய சொல் என்பது அதில் தெரியாது.

குறையைக் காட்டுவது பெரியவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதுதான். நோயில்லாத ஐந்து முதல் எட்டுப் பேர்: பெண்கள் பாதி, படிக்காதவர் இருவராவது, தோட்டத்தில் வளர்ந்தவரும் நகரத்தில் வளர்ந்தவரும். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, ‘நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேளுங்கள். எட்டில் இருவர் தவறாகப் புரிந்துகொண்டால் வாக்கியத்தை மாற்றி, மறுபடி வேறு ஆட்களிடம் பாருங்கள்.

வெட்டு எண்

எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே வந்தால் ‘குறைவு’ என்று கொள்வது என்பதே வெட்டு எண். வேறு நாட்டு வெட்டு எண்ணைக் கடன் வாங்கினால் மேற்சொன்ன கவனம் எல்லாம் வீணாகும். மருத்துவர் முழுமையாகப் பரிசோதித்து நோய் உண்டு, இல்லை என்று முடிவு செய்தவர்களிடம் சோதனையை நடத்த வேண்டும். அந்த மருத்துவருக்கு உங்கள் சோதனையின் மதிப்பெண் தெரிந்திருக்கக்கூடாது. நோயுள்ள 50 பேரில் 40 பேரைச் சோதனை பிடித்தால் 80 விழுக்காடு. ஆனால் 50 பேரை வைத்துச் சொல்லும்போது உண்மை ஏறத்தாழ 69-க்கும் 91-க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். 20 பேரை வைத்து வெட்டு எண் சொல்லத் துணியாதீர்கள். படிப்பு வாரியாகத் தனித்தனி வெட்டு எண் வேண்டுமானால் ஒவ்வொரு பிரிவிலும் போதிய ஆட்கள் வேண்டும்.

2018 தேசிய ஆய்வு 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று கண்டது. 1,000 பேரைச் சோதிக்கிறோம், நோயுள்ளவரைப் பிடிப்பதிலும் இல்லாதவரை விடுவிப்பதிலும் சோதனை 85 விழுக்காடு சரி என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள 85 பேரில் 72 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 915 பேரில் 137 பேரும் சிக்குவார்கள். ‘குறைவு’ என்று வந்த 209 பேரில் மூவரில் ஒருவருக்குத்தான் நோய். குடும்பத்தாரிடம் பேசும்போது இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருங்கள்.

சோதனை நாளில்

காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்ணாடி கொண்டுவந்தாரா, காலையில் சாப்பிட்டாரா, நேற்று தூங்கினாரா என்று முதலில் பாருங்கள். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தால் அன்று சோதிக்காதீர்கள். மகளை மொழிபெயர்ப்பாளராக வைக்க வேண்டாம். ‘நேத்துகூட சொன்னீங்களேப்பா’ என்று அவர் அறியாமலே உதவி செய்வார். பெரியவரின் கண்ணில் படாதபடி பின்னால் உட்காரவையுங்கள். அவருக்கும் வேலை உண்டு: பத்து வருடத்துக்கு முன் இருந்ததற்கும் இன்றைக்கும் என்ன மாற்றம் என்ற கேள்வித்தாளை அவரிடம் தனியே நிரப்புங்கள். அதில் ‘வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறாரா’ என்று மட்டும் கேட்டால், பணத்தை எப்போதும் மகனிடமே விட்டிருந்த அம்மாவுக்குக் குறை என்று விழும். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாரா, கோயிலுக்கோ மசூதிக்கோ போன வழியில் தடுமாறினாரா, ஒரே மாத்திரையை மறுபடி விழுங்கினாரா என்று கேளுங்கள்.

அறைக்குள் ‘ஞாபகசக்திப் பரிசோதனை’ என்று சொல்லுங்கள். ‘மூளைப் பரிசோதனை’ என்றால் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்களோ என்று எழுந்து போனவர்கள் உண்டு. மலாயில் முதுமை மறதியைக் குறிக்கும் ‘ஞான்யோக்’ என்பது வசைபோல் கேட்கும் சொல், நீங்கள் பயன்படுத்தாதீர்கள்.

மதிப்பெண் குறைவாக வந்தால் தாளில் ‘மறதி நோய்’ என்று எழுதாமல் ‘மேல் பரிசோதனை தேவை’ என்று எழுதுங்கள். மனச்சோர்வு, தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு மூன்றும் இதே மாதிரி மதிப்பெண்ணைக் கீழே தள்ளும், மூன்றுக்கும் மருந்து உண்டு. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மருந்தை வருடக்கணக்கில் சாப்பிடுபவரிடமும், சைவம் சாப்பிடுபவரிடமும் பி12-ஐக் கட்டாயம் பாருங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்கும்போது வேறு சொற்பட்டியல் வேண்டும், ஆகவே தொடக்கத்திலேயே ஒரே கடினத்தில் இரண்டு பட்டியல் தயாரித்து, ஒவ்வொரு தாளின் அடியிலும் வடிவ எண்ணையும் தேதியையும் அச்சிட்டுவிடுங்கள்.